நீல லேசர் முன்னால் ஒளிர்பொருள் வைத்தால் மஞ்சள் கதிர் கிடைக்குமா?

கேள்வி: நீலக்கதிர்

என்னிடம் 450 நானோமீட்டர், ஒரு வாட் நீல லேசர் டையோடு இருக்கிறது. பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று வாங்காமல், இதன் முன்னால் ஒளிர்பொருளை (ஒரு நிற ஒளியை விழுங்கி வேறு நிறத்தில் உமிழும் பொருள்) மாற்றி மாற்றி வைத்தே எல்லா நிறங்களையும் எடுத்துவிடலாம் என்று எண்ணினேன். வெள்ளை எல்.இ.டி.யிலிருந்து உரித்த மஞ்சள் ஒளிர்பொருள் வில்லையைக் கதிருக்கு நேரே பிடித்தேன். வில்லை கண்கூச ஒளிர்கிறது. ஆனால் எதிர்ச்சுவரில் மஞ்சள் புள்ளி இல்லை. சுவர் முழுக்க மங்கிய வெளிச்சம், நடுவில் நீலப்புள்ளி மட்டும். மஞ்சளைக் கதிராக்குவது எப்படி? அடையாளமிடும் பேனாவின் மை உதவுமா?

பதில்: பழைய டையோடு

முதலில் பாதுகாப்புக் கண்ணாடி. ஒரு வாட் என்பது 4ஆம் வகுப்பு, அதாவது மிக ஆபத்தான வகை லேசர். வில்லையில் பட்டுச் சிதறும் நீலம்கூட விழித்திரையைக் கெடுக்கும். 450 நானோமீட்டருக்கென்று தடுப்பளவு குறித்த செம்மஞ்சள் கண்ணாடியை அணியாமல் அடுத்த முறை சுவிட்சைத் தொடாதீர்கள். அது நீலத்தை விழுங்கி மஞ்சளை விட்டுவிடும் என்பதால், வில்லையில் உண்மையில் எவ்வளவு மஞ்சள் பிறக்கிறது என்பதும் அதன் வழியாகத்தான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிறம் மாறிவிட்டது, கதிர்தான் போய்விட்டது, அது திரும்பாது. உங்கள் வில்லையில் இருப்பது பெரும்பாலும் சீரியம் கலந்த யட்ரியம் அலுமினியம் கார்னெட். சீரியம் அயனி நீல ஃபோட்டானை (ஒளித்துகளை) விழுங்கி, சுமார் 65 நானோநொடி கழித்து மஞ்சள் ஃபோட்டானை உமிழ்கிறது. அதற்குள் வந்த திசை மறந்துபோகும். எல்லாப் பக்கமும் வீசும். நிறமும் ஒற்றை அல்ல, பச்சையிலிருந்து சிவப்பின் ஓரம்வரை பரந்த பட்டை.

லென்ஸ் வைத்துக் குவிக்கலாம் என்பீர்கள். ஒளிரும் இடம் ஒரு மில்லிமீட்டர் அகலம், லென்ஸின் குவியத்தூரம் 10 மில்லிமீட்டர் என்றால், ஐந்து மீட்டரில் அரை மீட்டர் அகல வட்டம் விழும். டார்ச் விளக்குக்குப் போதும், லேசர் புள்ளிக்குப் போதாது. இடத்தைச் சுருக்கினால் வட்டமும் சுருங்கும், ஆனால் சூடு ஓரிடத்தில் சேரும். 450இல் நுழைந்து 550இல் வெளியேறும் ஒவ்வொரு ஃபோட்டானும் தன் ஆற்றலில் சுமார் 18 விழுக்காட்டை வெப்பமாக விட்டுச்செல்கிறது. மற்ற இழப்புகள் தனி. உரித்த வில்லை சிலிக்கோனில் குழைத்தது. கூர்மையாகக் குவித்தால் முதலில் நடுவில் ஒளி மங்கும், பிறகு பழுப்புப் பொட்டு விழும், பிறகு புகை.

மை வேண்டாம். மஞ்சள் மை நீலத்தில் அழகாகப் பச்சையாக ஒளிரும். ஆனால் கரிமச் சாயம் இந்தச் செறிவில் விரைவில் வெளுத்துவிடும்.

பதில்: சுழல்தட்டு

லேசர் புரொஜெக்டர்கள் பலவற்றில் இதே நீல டையோடும் மஞ்சள் ஒளிர்பொருளும்தான். ஆனால் ஒளிர்பொருளை வட்டத்தகட்டில் பூசிச் சுழற்றுகிறார்கள், ஒரே இடத்தில் சூடு தங்காது. வீட்டில் செய்வதென்றால் சிலிக்கோனை விட்டுவிட்டுப் பீங்கான் ஒளிர்பொருள் தகட்டுக்கு மாறுங்கள். அதை வெள்ளி பூசிய செம்பில் ஒட்டி, நீலம் விழும் பக்கத்திலிருந்தே மஞ்சளைச் சேகரியுங்கள்.

நீலக்கதிர்

நன்றி. கண்ணாடி வாங்குகிறேன். சிவப்புக்கும் இதே வழிதானா?

பழைய டையோடு

இன்னும் கடினம். சிவப்புக்குப் பெரும்பாலும் யூரோப்பியம் கலந்த நைட்ரைடு. யூரோப்பியம் ஒளியை உமிழச் சீரியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நேரம் எடுத்துக்கொள்ளும். சிறிய இடத்தில் செறிவு கூடினால் அயனிகள் எல்லாம் ஏற்கெனவே விழுங்கிய ஆற்றலோடு விழித்தபடியே இருக்கும், புதிதாக வரும் நீலத்தை விழுங்க ஆளிருக்காது. வெப்ப இழப்பும் கூடுதல். என்னைக் கேட்டால், மஞ்சளிலிருந்து வடிகட்டி வைத்துச் சிவப்பைப் பிரித்தெடுங்கள். மங்கலாக இருக்கும், ஆனால் எரியாது. உண்மையான சிவப்புக் கதிர் வேண்டுமென்றால் சிவப்பு டையோடுதான் வாங்க வேண்டும்.

நீலத்தைக் கொண்டே வேறு நிற *லேசர்* செய்யும் வழியும் உண்டு: பிரசியோடிமியம் கலந்த லித்தியம் யட்ரியம் ஃபுளோரைடு படிகத்தை இரு ஆடிகளுக்கிடையே வைத்தால் 523இல் பச்சை, 607இல் செம்மஞ்சள், 640இல் சிவப்பு. ஆனால் அந்தப் படிகம் 444 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையைத்தான் நன்றாக விழுங்கும். உங்கள் 450 பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடும்.