ரியாக்ட்டுக்குள் டி3: படத்தை யார் வரைவது?

கொட்டகலைத் தம்பி: தேயிலைத் தோட்டத்தின் நாளாந்தக் கொழுந்து நிறையையும் மழையளவையும் ஒரே வரைபடத்தில் காட்டும் பக்கம் ஒன்று செய்கிறேன். பக்கத்தைக் கட்ட ரியாக்ட் 18 நூலகம்; பக்கம் திரைக்கு வந்தபின் ஓடும் அதன் யூஸ்எஃபெக்ட்டுக்குள், வரைபடம் வரையும் டி3 நூலகம். அச்சு எழுத்தெல்லாம் தடிப்பாகத் தெரிகிறதே என்று பார்த்தால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அச்சு. மலை நம்பரை, அதாவது தோட்டப் பகுதியின் எண்ணை, மாற்றினால் மூன்றாவதும் வருகிறது. டி3யை விட்டுவிடவா?

பண்டாரவளை அக்கா: விட வேண்டாம் தம்பி, வரைகிற வேலையை மட்டும் அதனிடமிருந்து பிடுங்குங்கள். டெவலப்மென்ட்டில், பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் ரியாக்ட்டின் ஸ்ட்ரிக்ட்மோட் வேண்டுமென்றே எஃபெக்ட்டை இரண்டு தடவை ஓட்டும்; படத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் அப்பென்டும் இரண்டு தடவை நடக்கிறது. 2011இல் டி3 வந்தபோது ரியாக்ட் வெளியாகவே இல்லை, அது 2013. டாம், அதாவது உலாவி வைத்திருக்கும் பக்கத்தின் உறுப்பு மரம், தன் கையில் என்று இரண்டுமே நினைப்பவை. ஒரே மலைக்கு இரண்டு கங்காணியா? டி3யின் பகுதிகளான டி3-ஸ்கேல், டி3-ஷேப் கணக்கைப் பார்க்கட்டும்; வரைகோட்டை ரியாக்ட்டின் எழுதுமுறையான ஜேஎஸ்எக்ஸில் எழுதுங்கள். அச்சும் பத்து வரிதான்.

ஹட்டன் பனி: பத்து வரியா! எழுத்துகள் முட்டாமல், திகதி ஒழுங்காக வர நாற்பதாவது ஆகும்; எழுதிப் பார்த்தவன் சொல்கிறேன். தம்பி துப்புரவு எழுதவில்லை, அவ்வளவுதான். எஃபெக்ட் முடியும்போது வரைந்ததைத் துடைக்கவேண்டும்; இல்லையென்றால் அப்பென்டுக்குப் பதில், இருப்பதையே புதுப்பிக்கும் ஜாயின். எத்தனை தடவை ஓடினாலும் ஒரே அச்சு. ரியாக்ட் வெறும் எஸ்விஜி படச்சட்டத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கட்டும். சூம், இழுத்து ஒரு பகுதியைத் தேரும் பிரஷ் எல்லாம் எப்படியும் நிஜ டாமைத்தான் கேட்கும்.

பண்டாரவளை அக்கா: சூம், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன வருடம் நானும் உங்கள் முறையில்தான் செய்தேன். எது மாறினால் எஃபெக்ட் மறுபடி ஓடவேண்டும் என்று சொல்லும் டிபென்டென்சிப் பட்டியலில் மொழி விடுபட்டுப் போனது. பொத்தானை அமுக்கினால் பக்கம் முழுக்கத் தமிழாகிறது, படத்தில் மாதப் பெயர்கள் மட்டும் சிங்களத்திலேயே நிற்கின்றன. கண்டுபிடிக்க ஒரு நாள் போனது. ஜேஎஸ்எக்ஸில் இருந்திருந்தால் தானாக மாறியிருக்கும்.

தலவாக்கலை: ரியாக்ட்டுக்கென்றே உள்ள ரீசார்ட்ஸ் வரைபட நூலகத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கப்பா. அதற்குள்ளும் டி3 கணக்குத்தான்.

ஹட்டன் பனி: அக்கா, அது பட்டியலில் விட்ட பிழை. எழுதும்போதே பிழை பார்க்கும் லின்ட் போட்டிருந்தால் அப்போதே கத்தியிருக்கும். தம்பி, உங்களுக்கு சூம் வேண்டுமா?

கொட்டகலைத் தம்பி: வேண்டாம் அண்ணா, தொட்டால் கிலோ தெரிந்தால் போதும். வரைகோட்டை, அக்கா சொன்னபடி, மாற்றிவிட்டேன். அச்சுக்கு மட்டும் எஃபெக்ட், உங்கள் துப்புரவோடு. எழுத்து மெலிந்துவிட்டது.

பண்டாரவளை அக்கா: அந்த அச்சில்தான் எனக்குச் சிங்களம் நின்றது தம்பி. பட்டியலில் மொழி இருக்கிறதா பாருங்கள்.

கொட்டகலைத் தம்பி: ...இல்லை.