டமாலே பக்கத்து ஊர்களில் மாணவர்களுக்கு வழியனுப்பு தர்பார்: அறிந்தவர்கள் சொல்லும் விவரங்கள்

கானாவின் வடக்கே, டமாலேயில் 1992இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வுகள் பல்கலைக்கழகம், தன் மாணவர்களை மூன்றாம் பருவத்தில் குழுக்களாகக் கிராமங்களில் தங்க வைக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அது பாடம். ஊராருக்கோ அவர்கள் உதவிக்கு வந்த பிள்ளைகள். தங்கல் முடியும்போது ஊர் கூடி வழியனுப்புவதை அங்கே ‘டர்பார்’ என்கிறார்கள். நம் தர்பார்தான், ஆங்கிலேயர் இங்கிருந்து கொண்டுபோய் விட்ட சொல். அதை எப்படி நடத்துவது என்று கேட்டதற்கு அறிந்தவர்கள் பலர் எழுதிய பதில்கள் இவை.

நாள் குறிப்பதில்தான் முதல் சறுக்கல். அங்கே வாழும் டகோம்பா இனத்தாரின் ஊர்களில் சந்தை ஆறு நாள் சுற்று. இந்தச் செவ்வாய் சந்தை என்றால் அடுத்தது திங்கள், அதற்கடுத்தது ஞாயிறு. வாரக் கணக்கில் தேதி வைத்தால் பெண்கள் பாதிப்பேர் சந்தைக்குப் போயிருப்பார்கள். மழைக்காலம் என்பதால் ஆண்கள் மதியம் வரை வயலில். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து தொடங்கி அந்தி மஃரிப் தொழுகைக்குள் முடிப்பது சரியாக வரும்.

*

நாளைவிட முக்கியம் கோலாக் கொட்டை, அங்கே மரியாதைக்குக் கொடுத்து மெல்லும் கசப்புக் கொட்டை. அது இல்லாமல் ஊர்த்தலைவரைப் பார்க்கக்கூடாது. வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் துளை இருந்தால் உள்ளே வண்டு. அகன்ற இலையில் சுற்றி ஈரமாக வைக்காவிட்டால் காய்ந்து சுருங்கிவிடும்.

தலைவர் தோல் விரிப்பின் மேல் அமர்ந்திருப்பார். கானாவின் தெற்கே அரியணை மரப்பீடம் என்றால் வடக்கே தோல். செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார வேண்டும். காலை வணக்கம் ‘தாசிபா’, பதில் ‘நா’. தலைவரிடம் நேரே பேசக்கூடாது. மாணவர் ஆங்கிலத்தில் சொல்வதை ஒருவர் ஊர்மொழியான டக்பானியில் சொல்ல, அதைத் தலைவரின் பேச்சாளரான வுலானா எடுத்துச் சொல்வார். பதிலும் அதே வழியில் திரும்பும். பத்து நிமிடப் பேச்சு அரை மணியைத் தாண்டும். ஐந்தாறு வாக்கியத்துக்கு மேல் தயாரிக்க வேண்டாம்.

*

சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லையே. டுவோ ஸாஃபி, அதாவது மக்காச்சோளக் களி. ஹௌசா மொழியில் ‘ஸாஃபி’ என்றாலே சூடு, ஆறினால் மதிப்பில்லை. நூறு பேருக்கு மக்காச்சோள மாவு 12 கிலோ, மரவள்ளி மாவு 4 கிலோ போதும். ஒரே அண்டாவில் ஏற்றாதீர்கள், துடுப்பு திரும்பாது. மூன்று நான்காகப் பிரியுங்கள்.

முதலில் கொஞ்சம் மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு நீர்த்த கஞ்சியாக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும். மீதியில் உலர்மாவைத் தூவித் தூவிக் கிளற, இறுகும்போது எடுத்துவைத்த கஞ்சியை விட்டுத் தளர்த்த வேண்டும். மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும். உடைத்தால் உள்ளே பச்சை மாவு. மேலே சணல் கீரைக் குழம்பு. அதன் வழுவழுப்புக்கு ‘கன்வா’ என்ற உவர் உப்பு ஒரு சிட்டிகை. கூடினால் சோப்புச் சுவை வந்துவிடும். பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால் ஆட்டை அறுப்பவரும் முஸ்லிமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: ஜூன், ஜூலை அங்கே பற்றாக்குறை மாதங்கள். பழைய தானியம் தீர்ந்து, புதுக் கிழங்கு வராத நேரம். விருந்துச் செலவை ஊர் தலையில் போடுவது அநியாயம். மாவை மாணவர்கள் வாங்கித் தரட்டும், சமையலை ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

*

மேளத்துக்கு வருகிறேன். லுங்கா என்பது நம் உடுக்கைபோல் இடை சிறுத்த மேளம். அக்குளில் இடுக்கி வாரை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும். மழைச்சாரல் பட்டால் தோல் தொய்ந்து சுருதி போய்விடும், ஆகவே மேளக்காரர்களுக்குத்தான் முதலில் கூரை. டகோம்பா மாணவன் இருந்தால் அவன் பாட்டன் பூட்டன் புகழை மேளத்திலேயே அழைப்பார்கள். அவன் எழுந்து ஆடியாக வேண்டும், காசும் தர வேண்டும். கானா நாணயமான ‘செடி’யில் சிறு தாள்களாக மாற்றி வைத்திருங்கள்.

*

எல்லாரும் ஆட்டபாட்டத்தையே பேசுகிறீர்கள். ஊருக்கு மிஞ்சப்போவது மாணவர்கள் ஊரைப் பற்றி எழுதும் அறிக்கைதான். கிணறு எங்கே, வெள்ளம் எங்கே தேங்குகிறது என்ற வரைபடத்தின் ஒரு பிரதியைத் தலைவர் வீட்டில் விட்டுவர வேண்டும். ‘வெளியில் மலம் கழிக்கிறார்கள்’ போன்றவற்றைச் சபையில் வாசித்துப் பெரியவர்களைத் தலைகுனிய வைக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே தலைவரிடம் தனியாகச் சொன்னால், அவரே தன் வாயால் சபையில் எடுப்பார். ஆழ்துளைக் கிணறு வரும் என்று வாக்குக் கொடுக்கவே வேண்டாம். அடுத்த குழு வந்து இறங்கியதும் அதைத்தான் கேட்பார்கள்.

*

கடைசியில் உயிருள்ள கினிக்கோழி தருவார்கள். மறுக்கக்கூடாது. காலைக் கட்டி வேனின் இருக்கைக்கு அடியில் தள்ளினால் டமாலே சேர்வதற்குள் வெக்கையில் செத்துவிடும். காற்றுப் புகும் கூடையில் வைத்து மடியில் எடுத்துப் போங்கள்.