கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றும்போது சத்தம் பிந்துகிறது

கேள்வி:
இ-180 விஎச்எஸ் கேசட், மூன்று மணி நேரம். விசிஆர் டெக்கிலிருந்து மஞ்சள் (படம்), வெள்ளை (ஒலி) பின்கள் யூஎஸ்பி கேப்சர் கார்டுக்குப் போகின்றன. கார்டோடு வந்த மென்பொருள் நேரடியாக எம்பெக்-2 (டிவிடிக்கான வீடியோ வடிவம்) ஆகப் பதிகிறது. முதல் பத்து நிமிடம் சரி. தாலி கட்டும் கட்டத்தில் கெட்டிமேளம் ஒரு நொடி பிந்திக் கேட்கிறது. படத்தின் அடியில் ஒரு பட்டையும் நடுங்குகிறது. எல்லாம் ஒரே டிவிடியில் அடங்குமா?

பதில் 1:
அடிப்பட்டை கோளாறு அல்ல. டெக்கின் ஒரு ஹெட் (டேப்பைப் படிக்கும் முனை) முடித்து அடுத்தது படிக்கத் தொடங்கும் இடம் அது. பழைய டிவி ஓரத்தை மறைத்துவிடும், அவ்வளவுதான். கடைசி 8 முதல் 12 வரிகளைக் கறுப்பால் மூடிவிடுங்கள்.

சத்தம் பிந்துவதற்குக் காரணம் ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) விழுவது. தேய்ந்த டேப்பில் சிக்னலின் நேரம் தடுமாறும்போது கார்டு சில ஃபிரேம்களை விட்டுவிடும். ஒலி மட்டும் முழுசாகப் பதியும். படம் முந்திக்கொள்ளும். டெக்குக்கும் கார்டுக்கும் நடுவில் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 மாதிரி பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து, சிக்னலை அதன் வழியே விட்டால் பெரும்பாலும் அடங்கும். கார்டை யூஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள், நேரே கணினியில் செருகுங்கள்.

பதிவதற்கு விர்ச்சுவல்டப் மென்பொருள், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யூவி கோடெக், 720x576, 25 ஃபிரேம், ஒலி 48,000 ஹெர்ட்ஸ். மணிக்கு 30 ஜிபிக்கு மேல் போகும். கோப்பு பெரிது என்பதால் கணினியின் ஹார்டு டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மெட்டில் இருக்கட்டும். எம்பெக்-2 ஆக மாற்றும் வேலையைப் பிறகு செய்யலாம்.

பதில் 2:
அதற்கு முன் கேசட் மூடியைத் திறந்து டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் பூஞ்சை. ஓட்டினால் ஹெட் அடைக்கும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். ஹெட் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோலை அசையாமல் பிடித்து ஹெட் பொருத்திய டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். பஞ்சு வேண்டவே வேண்டாம், நூல் சிக்கும்.

கேட்டவர்:
பூஞ்சை இல்லை. பிட்ரேட் எவ்வளவு வைக்க?

பதில் 1:
4.7 ஜிபி டிஸ்கில் மூன்று மணி நேரம் என்றால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 3.4 மெகாபிட்தான் கிடைக்கும். விஎச்எஸ் இரைச்சலுக்கு அது பத்தாது, கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்காகப் பிரித்து, படத்துக்கு 6 மெகாபிட், ஒலிக்கு ஏசி3 வடிவில் 224 கிலோபிட் வையுங்கள். டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்ட வரிகளாக வரும் இரு பாதிப் படங்களை ஒன்றாக்குவது) செய்யாதீர்கள். ஃபீல்டு வரிசை (அந்தப் பாதிப் படங்களில் எது முதலில் என்பது) தப்பினால் நடப்பவர்கள் முன்னும் பின்னும் துள்ளுவார்கள். அப்போது மாற்றிப் போடுங்கள். பதிந்த ஹஃப்ஒய்யூவி கோப்பை இரண்டு டிஸ்கையும் ஓட்டிப் பார்த்த பிறகே அழியுங்கள்.