சுத்தாத காதுதான் கெட்ட காது: எனக்கு நடந்த கலோரிக் டெஸ்ட்

கலோரிக் டெஸ்ட்டுன்னா, தலைசுத்தலுக்குக் காரணம் தேட காதுக்குள்ள வெந்நீரும் குளிர்ந்த தண்ணியும் விட்டு, கண் எப்படி அசையுதுன்னு பாக்குறது. முதல் தடவை போனப்பவே திருப்பி அனுப்பிட்டாங்க. முந்தின ராத்திரி தலைசுத்தலுக்கு சின்னரிசின் போட்டிருந்தேன். அது உள்காதோட பதிலையே அமுக்கிடும், அப்புறம் ரிசல்ட்டை நம்ப முடியாதாம். ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தணும்னு யாரும் சொல்லல. (வேற மாத்திரை எதையும் டாக்டரைக் கேக்காம நீங்களா நிறுத்திடாதீங்க.) அடுத்த தடவை கண்ணுக்கு மை போட்டுட்டுப் போய் நின்னேன், அதையும் துடைக்கச் சொன்னாங்க. மாட்டிவிடுற கண்ணாடிக்குள்ள இருக்கிற கேமரா கருப்பா இருக்கிற கண்பாப்பாவைத்தான் தேடும், மை அதைக் குழப்பிடுமாம்.

தலையை 30 டிகிரி தூக்கிப் படுக்க வச்சு, கண்ணாடியை மூடினாங்க. கும்மிருட்டு. வலது காதுல 44 டிகிரி வெந்நீர், அரை நிமிஷம் இருக்கும். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் கட்டிலே ராட்டினமாச்சு. அந்த நேரம் பாத்து ஆடியாலஜிஸ்ட், "'க'வில ஆரம்பிக்கிற பேரா சொல்லிட்டே இருங்க"ங்கறார்! மனசு சும்மா இருந்தா கண் அசைவை மூளை அடக்கிடும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. நாலு பேருக்கு மேல எனக்கு வரல. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல சுத்தல் தானா அடங்கிடுச்சு.

கொஞ்சம் இடைவெளி விட்டு இடது காது. காத்திருந்தேன், காத்திருந்தேன், கிணத்துல போட்ட கல்லு. அப்பாடா, இந்தக் காது நல்ல காதுன்னு சந்தோஷப்பட்டேன். 30 டிகிரி குளிர்ந்த தண்ணிக்கும் அதே கதை: வலது எதிர்ப்பக்கமா சுத்துச்சு, இடது லேசா அசைஞ்சதோட சரி.

டாக்டர் சொன்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது. சூடோ குளிரோ பட்டா உள்காதுல இருக்கிற அரைவட்டக் குழாய்ல திரவம் நகரும், தலை திரும்புதுன்னு மூளை ஏமாறும், கண் ஓடும். நல்ல காது ஏமாறணும். ரெண்டு காதுக்கும் வித்தியாசம் சுமார் 25 சதவீதத்துக்கு மேல போனா கோளாறுன்னு எடுத்துக்குவாங்க. எனக்கு 58. ரெண்டு மாசம் முன்னாடி மூணு நாள் வாந்தியோட படுத்த படுக்கையா கிடந்தேனே, அது சமநிலை நரம்பு வீக்கமாம்.

இந்த டெஸ்ட்டைக் கண்டுபிடிச்ச ராபர்ட் பாரானிக்கு 1914-க்கான நோபல் பரிசு. காது கழுவ வந்தவங்க தண்ணி சில்லுனு இருந்தா தலைசுத்துதுன்னு புலம்பினதை அவர் காது கொடுத்துக் கேட்டதுல ஆரம்பிச்சது. பரிசுச் செய்தி வந்தப்ப மனுஷன் ரஷ்யாவுல போர்க்கைதி!

*

அக்கா, எனக்கு மெனியர்ங்கிற உள்காது நோய். காது அடைப்பு, இரைச்சல், கேக்குறது ஏறி இறங்கும். எனக்கு கலோரிக், விஹிட்னு ரெண்டு டெஸ்ட் எடுத்தாங்க. கலோரிக்ல அந்தக் காது மந்தம். ஆனா விஹிட், அதான் சுவத்துப் புள்ளியைப் பாக்கச் சொல்லி, பின்னாடி நின்னு தலையைப் படக்குனு கொஞ்சமா திருப்புவாங்களே, அது நார்மல். ஏதோ ஒண்ணு தப்பா எடுத்துட்டாங்கன்னு சண்டைக்கே போயிட்டேன். கலோரிக் ரொம்ப மெதுவான அசைவுக்குச் சமம், விஹிட் வேகமான அசைவைப் பாக்குது. மெனியர்ல இப்படி ஒண்ணு கெட்டு ஒண்ணு நல்லா வர்றது வழக்கம்தானாம். என் டாக்டர் அந்த முரண்பாட்டையே ஒரு துப்பா எடுத்துக்கிட்டார்.

*

அக்கா, எனக்கு மெஷினே தேவைப்படல. படுக்கையில புரண்டா மட்டும் சுத்தும். தலைக்கு ஸ்கேன் வரைக்கும் போனேன், ஒருத்தரும் என்னைப் படுக்க வச்சுப் பாக்கல. கடைசியா ஒரு டாக்டர் தலையை 45 டிகிரி திருப்பி, சட்டுனு மல்லாக்கச் சாய்ச்சு, கண்ணையே பாத்துட்டிருந்தார். சில நொடி கழிச்சு சுத்துச்சு, ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுச்சு. டிக்ஸ்-ஹால்பைக்னு பேராம். உள்காதுல இருக்கிற கால்சியம் துகள் இடம் மாறிக் குழாய்க்குள்ள போயிடுச்சுன்னு சொல்லி, அங்கேயே தலையைத் திருப்பித் திருப்பி வெளியேத்திட்டார்.

*

அக்கா, என் அம்மாவுக்கு அடுத்த வாரம் கலோரிக். செவிப்பறையில ஓட்டை இருக்கு. தண்ணி விடலாமா?

*

விடக்கூடாதும்மா. ஓட்டை இருக்குன்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க, தண்ணிக்குப் பதிலா காத்து வச்சு எடுக்கிற முறை இருக்கு, அது அவங்களுக்குச் சரிப்படுமான்னு டாக்டர் பாத்துச் சொல்வார். டெஸ்ட் முடிஞ்சு அம்மாவைத் தனியா அனுப்பாதீங்க. எனக்கு சாயந்திரம் வரைக்கும் நடை தள்ளாடுச்சு.