பழைய ஃபாப் சீல்: ஹால்மார்க் இல்லாததை வாங்கலாமா?

மதுரைக்காரி:
லண்டன் போர்ட்டபெல்லோ சந்தையில் ஒரு ஃபாப் சீல் (கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடும் சிறு முத்திரை) பார்த்தேன். அடியில் கட்டைவிரல் நகம் அளவு சூதுபவளம் (கார்னீலியன் என்ற செந்நிறக் கல்). அதில் கழுகுத் தலை, கீழே இடவலம் மாறிய எழுத்துகள். 1820 வாக்கில் செய்தது, கல்லைப் பிடித்திருக்கும் கூடு தங்கம் என்கிறார் கடைக்காரர். ஆனால் ஹால்மார்க் இல்லை. சங்கிலியில் கோத்துப் போட ஆசை. வாங்கலாமா?

அரக்குப்பெட்டி:
ஹால்மார்க் இல்லை என்று ஒதுக்காதீர்கள் சகோதரி. பிரிட்டனின் 1738 ஹால்மார்க் சட்டத்திலேயே சிறு நகைகள் பலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் பின்ச்பெக் என்ற செம்பு, துத்தநாகக் கலவையும் தங்கம் போலவே மின்னும். அதனால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், கூட்டைவிடக் கல்லில் உள்ள வெட்டு வேலைதான் பெரிது. கொஞ்சம் அரக்கு கொண்டுபோய், அனுமதி கேட்டு அழுத்திப் பாருங்கள். இறகு ஒவ்வொன்றும் எழும்பி வந்தால் நல்ல கை. சூதுபவளத்தில் அரக்கு ஒட்டாது, அதனால்தான் முத்திரைக்கு அதை அவ்வளவு விரும்பினார்கள்.

1840-க்கு முன் தபால் கட்டணம் தாள் கணக்கில். உறை போட்டால் அதுவும் ஒரு தாள்! எனவே கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். பெறுபவர் முதலில் பார்ப்பது அந்த முத்திரையைத்தான். கனவான்கள் இடுப்பில் கடிகாரத்தோடு இரண்டு மூன்று சீல்களைத் தொங்கவிட்டதும் அதற்காகவே, எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். குலச்சின்னம் வைத்திருக்க 1798 முதல் ஆண்டு வரி வேறு, 1944-இல்தான் நீக்கினார்கள். உங்கள் கழுகு குலச்சின்னமாக இருந்தால், வரி கட்டும் வசதியுள்ள வீட்டுச் சொத்து. சின்னம் இல்லாதவர்கள் பெயரின் முதலெழுத்தையோ, புறாவோடு ஒரு பிரெஞ்சு வாசகத்தையோ வெட்டிக்கொண்டார்கள். எனக்கு அவைதான் கூடுதல் பிரியம்.

கல்தச்சன்:
லென்ஸ் வைத்தும் பாருங்கள். உள்ளே குமிழி, வெட்டின் ஓரம் மழுங்கல் என்றால் வார்த்த கண்ணாடி. ஆனால் அதுவும் அந்தக் காலத்ததாக இருக்கலாம். ஜேம்ஸ் டாஸி லண்டனில் ஆயிரக்கணக்கான வடிவங்களை அப்படி வார்த்தார், ரஷ்ய அரசி கேத்தரீனே முழுத் தொகுப்பு வாங்கினார்.

மதுரைக்காரி:
நன்றி! தினமும் போட்டால் கல் கீறுமா?

அரக்குப்பெட்டி:
சூதுபவளம் கிட்டத்தட்ட குவார்ட்ஸ் கடினம், எளிதில் கீறாது. தேய்வது மேல் வளையம்தான். அது மெலிந்திருந்தால் முதலில் பத்தரிடம் கொடுத்துப் பலப்படுத்துங்கள். சூடு படும் வேலை என்றால் கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.