அம்மா சுத்த சைவம், சின்னவனுக்கு உறைப்பு ஆகாது: எதியோப்பியன் கடையில் என்ன எடுக்கலாம்?

வடலி: ரொறன்ரோ டான்ஃபோர்த்தில், கிரீன்வுட் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன எதியோப்பியன் கடை. நானும் அவரும் போய்ச் சாப்பிட்டோம். முட்டை போட்ட கோழிக்கறி, டோரோ வொட், நல்ல உறைப்பு, இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. இனி வீட்டோடு போகலாம் என்று பார்த்தால் அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டா. அங்கே எல்லாவற்றையும் ஒரே பெரிய தட்டில் இஞ்சராவுக்கு (தோசை மாதிரிப் புளித்த மாவில் சுடுகிற ரொட்டி) மேல் ஊற்றித் தருகிறார்கள், இறைச்சிக் குழம்பு கொஞ்சம் ஓடி வந்து பட்டாலே எழும்பிவிடுவா. சின்னவனுக்கு ஆறு வயது, மிளகாய் என்றால் அழுகை. என்ன சொல்லி எடுக்கலாம்?

பனங்காய்: வெள்ளிக்கிழமை போங்கோ அக்கா. எதியோப்பிய ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் ஒன்றும் சேர்க்கமாட்டார்கள். அதனால் விரதத் தட்டு என்று தனியாகவே இருக்கு, பெயாய்நெத்து என்று கேளுங்கோ. பெர்பெரே என்கிற மிளகாய் மசாலாத் தூள் போட்ட மைசூர்ப் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, கோவாவும் கிழங்கும் கேரட்டும் சேர்ந்த பிரட்டல் எல்லாம் அதில் வரும். சின்னவனுக்கு அந்த மஞ்சள் பருப்புத்தான், கிக் அலிச்சா, உறைப்பே இராது. இஞ்சராவின் புளிப்பைப் பற்றியும் யோசிக்காதையுங்கோ, தோசை தின்கிற பிள்ளைதானே.

மதுரைக்காரன்: வெள்ளிக்கிழமை யோசனை சரி. ஆனால் தோசைப் புளிப்பும் இதுவும் ஒன்றா? டெஃப் என்கிற சிறுதானிய மாவை நாள் கணக்கில் புளிக்க வைத்து ஊற்றுகிறார்கள், என் மகள் முதல் வாயிலேயே துப்பிவிட்டாள். பையனுக்குக் கொஞ்சம் சோறு இருக்குமா என்று கேட்டு வையுங்கள். அம்மாவுக்குத் தனித் தட்டு என்று முதலிலேயே சொல்லுங்கள், தருவார்கள். அப்புறம், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது வந்தால் கவனம்: டெஃப்பில் குளூட்டன் கிடையாது, ஆனால் வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் கோதுமையோ பார்லியோ கலக்கிறார்கள். கிட்ஃபோ என்று ஒன்று இருக்கும், அது மசாலா வெண்ணெயில் பிசைந்த பச்சை மாட்டிறைச்சி. தெரியாமல் சொல்லிவிடாதீர்கள்.

கோப்பிப்பிரியை: ஒருத்தரும் கோப்பியைச் சொல்லவில்லையே! முதலே போன் பண்ணிக் கோப்பிச் சடங்கு செய்கிறார்களா என்று கேளுங்கள், செய்தால் போய் இருந்த உடனேயே சொல்லிவிட வேண்டும், சாப்பிட்டு முடிந்து சொன்னால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பச்சைக் கொட்டையை அப்போதே வறுத்து, புகை பறக்கிற சட்டியை மேசை மேசையாகக் கொண்டுவந்து மணக்கத் தருவார்கள். பிறகு ஜெபெனா என்கிற கழுத்து நீண்ட மண் கூசாவில் காய்ச்சி, பிடியில்லாத குட்டிக் கோப்பைகளில் மூன்று சுற்று. பக்கத்தில் சாம்பிராணிப் புகை, கொறிக்கப் பாப்கார்ன். பையனுக்குப் பாப்கார்ன் போதும், அம்மாவுக்குச் சாம்பிராணி.

வடலி: வெள்ளியே போகிறோம். இவரும் வெள்ளிக்கிழமை சைவம்தான், தட்டுப் பிரச்சினையே இல்லை. ஐந்து பேருக்கு எத்தனை தட்டு? உருட்டி வாயில் ஊட்டிவிடுவார்களாமே, கடைக்காரப் பெண் அம்மாவுக்கு ஊட்ட வந்தால் என்ன நடக்குமோ தெரியாது.

பனங்காய்: குர்ஷா அது, அன்புக்கு ஊட்டுவது. அம்மா வாயைத் திறக்கத்தான் வேணும், மறுத்தால் மரியாதையில்லை. மூன்று தட்டு எடுங்கோ, சுருட்டின இஞ்சரா கூடவே தருவார்கள். ஆனால் அதிலேயே வயிற்றை நிரப்பாதையுங்கோ, அடியில் குழம்பு ஊறிக் கிடக்கிற இஞ்சராதான் ருசி.