புதுப்பிப்பு: பஹ்லா கோட்டைக்குப் போய்வந்தேன்

ஓமானில் நிஸ்வா கோட்டையோடு நிறுத்திக்கொள்வதா, பஹ்லாவுக்கும் போவதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டேன். கட்டாயம் போங்கள்!

கல் அடித்தளத்தின் மேல் சுடாத செங்கல்லால் எழுப்பிய கோட்டை. மழைதான் அதற்கு எமன். 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்து, மறு ஆண்டே ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலுக்குப் போனது, 2004-இல்தான் மீண்டது. மக்களுக்குத் திறந்தது 2012-இல். சுவரை நெருங்கிப் பார்த்தால் மண்பூச்சில் வைக்கோல் துணுக்குகள் தெரிகின்றன. பழைய முறையிலேயே பூசியிருக்கிறார்கள், மனம் நிறைந்துவிட்டது.

மேலே ஏறினால் பேரீச்சந்தோப்புகள் கண்ணுக்கெட்டும் தூரம் விரிகின்றன. அறைகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றன. ஓவியம் தீட்டிய கூரைகளைப் பார்க்க விரும்புபவர்கள் பக்கத்திலுள்ள ஜப்ரீன் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது.